தமிழுக்குத் துணை தேடிய தனிநாயகம் அடிகளார்



கொட்டாஞ்சேனையிலிருந்து கண்டி வீதியால் போகும் பேருந்தில் ஏறினால், களனி கங்கைப் பாலத்தைக் கடந்ததும் பேலியகொடை வந்துவிடுகிறது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்று நம் வீட்டுப் பெண்களுக்கு நினைவில் வருவது மீன் சந்தைதான். ஆனால் அறிஞர் உலகில் பேலியகொடைக்கு வேறொரு புகழ் உண்டு. 1875ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வித்தியாலங்காரப் பிரிவெனா அங்கேதான் இருக்கிறது. வட இந்தியாவின் பேரறிஞர் ராகுல் சாங்கிருத்யாயன் 1927ஆம் ஆண்டில் அங்கே வந்து தங்கிப் பாளி மொழி கற்றார், வடமொழி கற்பித்தார். இன்றைய களனிப் பல்கலைக்கழகத்தின் வேரும் அந்தப் பிரிவெனாவே.

பௌத்த பிரிவெனாவைப் பற்றி நம் பத்திரிகையில் என்ன பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இலங்கையில் அரச ஊழியம் பார்த்துப் பாளி கற்றுச் சென்ற ஆங்கிலேயரான றைஸ் டேவிட்ஸ், 1881ஆம் ஆண்டிலேயே இலண்டனில் பாளி நூற் சங்கத்தை நிறுவிவிட்டார். அச்சங்கத்திற்குத் தொடக்கத்தில் சந்தா அனுப்பியோரில் இலங்கைப் பிக்குகள் பலர். நம் தீவின் விகாரைகளுக்கும் ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே கடிதங்கள் கப்பலில் போய்வந்தன. ஓலைச்சுவடிகள் ஒப்பிடப்பட்டன, நூல்கள் அச்சேறின. அதனால் பாளி மொழியின் பெருமையை உலகம் அறிந்தது.

தமிழுக்கு அப்படி ஒரு சங்கம் எப்போது வந்தது தெரியுமா? 1964இல். எண்பத்து மூன்று ஆண்டுகள் பிந்தி! அதை முன்னின்று ஏற்படுத்தியவர்களுள் தலையாயவர் ஒரு கத்தோலிக்கக் குரு. நம் யாழ்ப்பாணத்து மகன். அவரே சேவியர் தனிநாயகம் அடிகளார்.

அடிகளாரின் பெயரை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். மாநாட்டு மலர்களில் அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். உலகத் தமிழ் மாநாடுகளின் தந்தை என்று பேச்சாளர்கள் சொல்லக் கேட்டுக் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் மாநாடு என்பது நான்கைந்து நாள் விழா. அந்த நான்கைந்து நாளுக்குப் பின்னால் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் நடந்த ஒரு வேலை இருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத அறிஞரை நாடு நாடாகத் தேடிப் பிடித்து, கடிதத்தாலும் பத்திரிகையாலும் ஓர் உறவாக்கிய வேலை அது. அதைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் அடிகளார் பிறந்தார். திருமுழுக்கில் பெற்ற பெயர் சேவியர். தனிநாயகம் என்பது முன்னோர் ஒருவரின் பெயர். அதைப் பின்னாளில் தாமே விரும்பிச் சேர்த்துக்கொண்டார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். பிறகு 1931இல் கொழும்புக்கு வந்து, பொரளையில் இருந்த புனித பேர்ணாட் குருமடத்தில் மெய்யியல் பயின்றார். அங்கிருந்து உரோமாபுரி. 1938ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி, புனித சூசையப்பர் திருநாளன்று, உரோமையிலேயே குருத்துவ அபிஷேகம் பெற்றார். இறையியலில் கலாநிதிப் பட்டத்திற்கு அவர் ஆராய்ந்த பொருள், பழைய கார்த்தேஜ் நகரின் குருக்களைப் பற்றியது. இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கேயம் என்று மொழிமேல் மொழியாகக் கற்றார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை மொழிகள் அறிந்த அந்த இளங்குருவுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் பேசும் தமிழ் தெரியும். இலக்கியத் தமிழ் தெரியாது. சங்க நூலில் பழக்கம் இல்லை. அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகள் அப்படித்தான் பிள்ளைகளை வளர்த்தன. ஷேக்ஸ்பியரை மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் திருக்குறளில் நாலு பாட்டுச் சொல்லத் தெரியாது.

இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பேலியகொடையிலும் நம் பிள்ளைகள் பலர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். செபமாலையைத் தமிழில் சொல்லுவார்கள். தமிழ்ப் புத்தகத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். காலம் கடந்துவிட்டதே என்று பெற்றோர் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறேன். அடிகளார் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தேழு.

அது நடந்தது பாண்டி நாட்டில். உரோமையிலிருந்து திரும்பிய அடிகளார் யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் சேரவில்லை. தூத்துக்குடி மறைமாவட்டத்தின் குருவானார். இலத்தீன் வழிபாட்டு முறையில் முதல் இந்திய ஆயரான ரோச் ஆண்டகை அப்போது அங்கே ஆயராக இருந்தார். அடிகளார் 1940இல் வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியப் பணிக்கு அனுப்பப்பட்டார். சுற்றிலும் நல்ல தமிழ் பேசும் மக்கள். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள். அவர்கள் முன்னால் உரோமையில் கலாநிதிப் பட்டம் பெற்ற குரு, தமிழில் தடுமாறிக்கொண்டு நிற்கிறார். அந்த வெட்கம் அவருக்கு உறைத்தது. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவனாக அமர்ந்தார். அங்கியணிந்த கத்தோலிக்கக் குரு ஓர் ஐயரிடம் இலக்கண பாடம் கேட்பதை 1940களின் வடக்கன்குளத்தில் மனக்கண்ணால் பாருங்கள். சாதிக்கொரு பக்கமாகக் கோயிலுக்குள்ளேயே சுவர் எழுப்பிப் பிரிந்து நின்ற வரலாறு உடைய ஊர் அது.

படிக்கப் படிக்கப் பசி அதிகமாயிற்று. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணி வகுப்பில் சேர்ந்தார். பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அப்போது அங்கே தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வயதுக் குரு, இருபது வயது இளைஞர்களோடு வாங்கில் இருந்து படித்தார். அதன் பின் சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருளை ஆராய்ந்து பட்டம் பெற்றார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையும் மனித மனத்தையும் ஒன்றாகக் கட்டிய தமிழ்ப் புலவரின் முறையை, கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு எழுதினார். அதை எழுத அவரைப் போன்ற ஒருவரால்தான் முடியும். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு வேர்ஜிலைத் தெரியாது. வேர்ஜிலை அறிந்தவருக்குக் கபிலரைத் தெரியாது. உரோமையில் போன ஆண்டுகள் வீணல்ல என்று இதைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

1949ஆம் ஆண்டில் அடிகளார் உலகப் பயணம் புறப்பட்டார். மலாயா, யப்பான், வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என்று நாடு நாடாகச் சென்று தமிழைப் பற்றி விரிவுரை ஆற்றினார். அந்தப் பயணத்தில் ஒரு பெருங்குறையைக் கண்டார். உலகத்துப் பல்கலைக்கழகங்களில் இந்தியா என்றால் வடமொழி. இலங்கை என்றால் பாளி, சிங்களம். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியமுடைய தமிழைப் பற்றிக் கேட்டால் படித்தவர்களே விழித்தார்கள். பெரிய நூல்நிலையங்களில் தமிழ் நூல் இருந்தாலும் அதைப் பட்டியலில் சேர்க்கத் தெரிந்தவர் இல்லை.

இதற்காக உலகத்தைக் கோபித்து என்ன பயன்? தமிழர் தம் பெருமையைத் தமிழிலேயே தமக்குள் பேசிக்கொண்டிருந்தனர். மற்றவருக்கு விளங்கும் மொழியில், ஆதாரம் காட்டி, நிதானமாக எழுத ஒரு மேடை இல்லை. அடிகளார் கண்ட நோய் இது. அதற்கு அவர் கொடுத்த மருந்து 1952இல் வெளிவந்தது. தமிழ்ப் பண்பாடு எனப் பொருள்படும் பெயரோடு, ஆங்கிலத்தில் வந்த ஆராய்ச்சி இதழ் அது. ஆண்டுக்கு நான்கு இதழ். 1966 வரை நடந்தது.

ஆராய்ச்சி இதழ் என்றால் என்ன, அதில் அப்படி என்ன பெரிய காரியம் என்று நினைக்கலாம். கொஞ்சம் விளக்குகிறேன். அக்காலத்தில் கணினி கிடையாது. நகல் எடுக்கும் இயந்திரமும் எல்லா இடத்திலும் இல்லை. செக்கோசிலோவாக்கியாவின் பிராக் நகரில் ஓர் இளைஞர் தமிழ் கற்கிறார் என்று வையுங்கள். புறநானூற்றில் ஒரு சொல்லுக்குப் பொருள் விளங்கவில்லை. யாரிடம் கேட்பார்? சென்னையில் ஒரு பேராசிரியர் அதற்கு விடை அறிவார். ஆனால் பிராக்கில் அப்படி ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. மொஸ்கோவில் ஒருவர் தமிழ் இலக்கணம் ஆராய்கிறார். அமெரிக்காவில் ஒருவர் நீலகிரித் தோடர் மொழியை ஆராய்கிறார். பாரிசில் ஒருவர் சித்த வைத்தியத்தை ஆராய்கிறார். தனித்தனித் தீவுகள். ஓர் இதழ் இவர்கள் எல்லாருடைய மேசைக்கும் போய்ச் சேர்ந்தால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கிறார், மறுப்பு எழுதுகிறார், அதற்கு மறுமொழி வருகிறது. முகவரி கிடைக்கிறது, கடிதம் தொடங்குகிறது. இதழாசிரியர் நடுவில் இருந்து, இன்னாரை இன்னாரோடு சேர்த்து வைக்கிறார். கல்யாணத் தரகர் வேலைதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இப்படிச் சேர்ந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பாரிசில் ஜீன் பிலியோசா. அவர் முதலில் வைத்தியர். பின்பு இந்தியவியல் அறிஞரானவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தை 1955இல் நிறுவியவர். ஆக்ஸ்போர்டில் தோமஸ் பறோ, கலிபோர்னியாவில் எமனோ. இவர்கள் இருவரும் அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரண்டு கரைகளில் இருந்துகொண்டே திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியைச் சேர்ந்து தொகுத்து 1961இல் வெளியிட்டவர்கள். பிராக்கில் கமில் சுவெலபில். மொஸ்கோவில் அந்திரோனோவ். தென்னாட்டில் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், மு. வரதராசனார், திருவனந்தபுரத்தில் வ. அய். சுப்பிரமணியம்.

இதில் நம் வாசகர் ஒரு விடயத்தைத் தவறவிடக்கூடாது. சுவெலபில் வாழ்ந்த நாட்டில் அப்போது பொதுவுடைமை ஆட்சி. மறைமாவட்ட ஆயர்கள் சிறையிலும் காவலிலும் வைக்கப்பட்ட நாடு அது. அந்த நாட்டுப் பேராசிரியருக்கும் ஒரு கத்தோலிக்கக் குருவுக்கும் கடிதப் போக்குவரத்து என்றால், இரண்டு பக்கத்திலும் முகம் சுளிப்பவர்கள் இருந்திருப்பார்கள். அடிகளார் தமது குருத்துவத்தை மறைக்கவும் இல்லை. அதைச் சொல்லி ஒருவரையும் ஒதுக்கவும் இல்லை. பின்பு ஒரே மன்றத்தின் இணைச் செயலாளர்களாக அந்தக் குருவும் அந்தப் பேராசிரியரும் கையெழுத்திட்டார்கள்.

இலண்டனில் கல்வியியல் ஆராய்ச்சிக்காக அடிகளார் தங்கியது 1955 தொடக்கம் 1957 வரை. அக்காலத்தில் ஐரோப்பிய நூல்நிலையங்களைத் துருவினார். ஒரு கத்தோலிக்கக் குடும்பத்திற்கு இந்தப் பகுதி தனி இன்பம் தரும். ஏனென்றால் அவர் தேடிக் கண்டவை நம் முன்னோரின் செப நூல்கள்.

போர்த்துக்கல் தேசத்தில் லிஸ்பன் நகரத்து நூதனசாலை ஒன்றில் 1554ஆம் ஆண்டில் அச்சான ஒரு சிறு செப நூல் இருக்கிறது. அதில் தமிழ் இருக்கிறது. ஆனால் தமிழ் எழுத்து இல்லை. தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் பெரிதாக அச்சிட்டு, மேலே சொல்லுக்குச் சொல் போர்த்துக்கேயப் பொருளும் கீழே முழு வாக்கியத்தின் பொருளும் போட்டிருக்கிறார்கள். அதைச் செய்தவர்கள் மூன்று தமிழ்க் கிறிஸ்தவர்கள். முத்துக்குளித்துறையிலிருந்து கடல் கடந்து போன பிள்ளைகள், அந்நிய ஊரில் தாய்மொழிச் செபத்தை அச்சில் ஏற்றினார்கள். 24 ஆண்டு கழித்து, 1578இல், கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. அதை ஆக்கியவர் அன்றீக் அடிகளார் என்று நாம் வழங்கும் என்றிக்கே என்றிக்கஸ். முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு உழைத்த இயேசு சபைக் குரு. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சு வாகனம் ஏறியது தமிழே என்று நாம் பெருமை பேசுகிறோமே, அதன் ஆதாரம் இந்தச் சிறிய செப நூல்தான். 1586இல் வந்த அடியார் வரலாறு என்னும் புனிதர் சரித்திரத்தின் பிரதி வத்திக்கான் நூல்நிலையத்தில் இருந்தது. அதே வத்திக்கானில் இன்னொன்றும் கிடைத்தது: புரோவென்சா அடிகளார் தொகுத்து, அவர் இறந்த பிறகு 1679இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துக்கேய அகராதி. 16,000க்கு மேற்பட்ட சொற்கள். உலகத்தில் அறியப்பட்ட ஒரே பிரதி அது.

அடிகளார் இந்த நூல்களைப் பற்றித் தமது இதழில் விரிவாக எழுதினார். அகராதியை அப்படியே படம் பிடித்து, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். முந்நூறு ஆண்டு பூட்டிக் கிடந்த அகராதி ஆராய்ச்சியாளரின் கைக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் மீனவரும் உழவரும் பேசிய தமிழ்ச் சொற்கள் அதில் பதிந்து கிடக்கின்றன. என் மட்டில், அடிகளாரின் மாநாடுகளைக் காட்டிலும் இந்த ஒரு பணி பெரிது. ஆனால் இதற்கு யார் மாலை போடுவார்கள்?

தாய்லாந்தில் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பாங்கொக் அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி விழாவில் பொருள் அறியாமல் ஓதிவந்த பாடல்கள் நம் திருவெம்பாவையே என்பதைத் தென்கிழக்காசியா பற்றிய கட்டுரைகளில் எடுத்துக் காட்டினார். ஒரு கத்தோலிக்கக் குரு மாணிக்கவாசகரின் பாட்டுப் போன வழியைத் தேடிக் கடல் கடந்தார். சைவ மக்கள் அதை அன்போடு ஏற்றுக்கொண்டார்கள்.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். அடிகளார் 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. உலகமெல்லாம் தமிழுக்கு இடம் தேடியவருக்குத் தாய்நாட்டிலேயே அந்த மொழிக்கு இடம் இல்லை என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்? அவர் வாய் பொத்தி இருக்கவில்லை. இலங்கையில் மொழி உரிமை என்ற பொருளில் அதே ஆண்டு தம் இதழில் எழுதினார். மேடையிலும் பேசினார். ஒரு குரு அரசியலில் நுழையலாமா என்று சிலர் கேட்டார்கள். இன்னொரு பக்கம், பட்டம் பெற்ற குரு பங்கில் பூசை வைக்காமல் பழந்தமிழை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார் என்றும் கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் அவர் வாதாடி விடை சொன்னதைவிட வேலை செய்து விடை சொன்னதே அதிகம். ஆனால் இங்கே காற்று மாறிவிட்டது என்பதையும் அவர் உணர்ந்தார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியத் துறைத் தலைவராகக் கோலாலம்பூர் சென்றார். அங்கே கலைப் பீடத்தின் தலைவராகவும் பணியாற்றினார். இலங்கைக்கு நட்டம்; தமிழுக்கு இலாபம்.

1964 சனவரி. புதுடில்லியில் கீழைத்தேய அறிஞர்களின் 26ஆவது அனைத்துலக மாநாடு கூடியது. வடமொழி, பாளி, சீனம், அரபு என்று எல்லா மொழியறிஞரும் வந்திருந்தார்கள். தமிழும் திராவிட மொழிகளும் ஆராய்வோர் அந்தப் பெரிய கூட்டத்தில் ஒரு மூலை. கடிதத்தில் மட்டும் பழகிய பலர் அங்கே நேரில் கண்டார்கள். தனிநாயகம் அடிகளாரும் வ. அய். சுப்பிரமணியமும் அழைக்க, சனவரி 7ஆம் திகதி தமிழறிஞர் தனியாகக் கூடி, உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார்கள். தலைவர் பிலியோசா. செயலாளர்கள் அடிகளாரும் சுவெலபிலும். ஒருவர் கோலாலம்பூரில், மற்றவர் பிராக்கில். தலைவர் பாரிசில். மூவரும் தபாலால்தான் மன்றத்தை நடத்த வேண்டும்! நடத்தினார்கள்.

இரண்டே ஆண்டில், 1966 ஏப்ரல் மாதம், முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடங்கி வைத்தார். ஒரு முஸ்லிம் பிரதமர் தொடங்கிவைக்க, ஒரு கத்தோலிக்கக் குரு அமைக்க, சைவரும் வைணவரும் சமயமே வேண்டாம் என்பவரும் அமர்ந்து தமிழை ஆராய்ந்தார்கள். இரண்டாவது மாநாடு 1968 சனவரியில் சென்னையில். அறிஞர் அண்ணா அப்போது முதலமைச்சர். இலட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள். மெரீனாக் கடற்கரையில் சிலைகள் எழுந்தன. நம் வீரமாமுனிவருக்கும் ஒன்று. தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் அமைந்ததும் அந்த மாநாட்டின் பயன். ஆனால் மாநாடு மெல்ல மெல்ல விழாவாகியதும் அங்கிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர்வலமும் அலங்கார வண்டியும் மக்களுக்கு மகிழ்ச்சிதான். ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கப்பட்ட அறைகளில் எத்தனை பேர் இருந்தார்கள்? மூன்றாவது மாநாடு 1970இல் பாரிசில். அங்கே ஊர்வலம் இல்லை. அறிஞர்கள் மட்டும்.

நான்காவது மாநாட்டைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. 1974 சனவரி 3 முதல் யாழ்ப்பாணத்தில். எங்கே நடத்துவது என்பதிலேயே பிணக்கு. கொழும்பில் என்று அரசு சார்ந்தோர், யாழ்ப்பாணத்தில் என்று மற்றவர்கள். அறிஞர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். வெளிநாட்டார் சிலருக்கு உள்ளே வர அனுமதி கிடைக்கவில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் தலைமையில் மாநாடு நடந்தேறியது. மலாயாவிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்த அடிகளார், தம் சொந்த மண்ணில் அந்த நாளைக் கண்டார். முடிவில் சனவரி 10ஆம் திகதி, வீரசிங்கம் மண்டபத்தின் வெளியே மக்கள் திரண்டிருந்த கூட்டத்தில் பொலிசார் புகுந்தனர். கண்ணீர்ப்புகையும் குண்டாந்தடியும். மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள் என்று நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். தமிழைக் கேட்க வந்த சனம் அது.

பத்து ஆண்டுக்கு முன் டில்லியில், சண்டை சச்சரவில்லாத ஓர் அறிவுச் சபையாக எண்ணித் தொடங்கிய மன்றம் அது. அதை அரசியலுக்கு வெளியே வைக்க வேண்டும் என்று அடிகளார் முயன்றார். அவரால் முடியவில்லை. எவராலும் முடிந்திருக்குமா என்பதும் சந்தேகமே. இதில் அவரைக் குறை சொல்பவர்களும் உண்டு: உலகத்தைக் கூட்டி வந்து காட்டியதால் மக்களின் உணர்ச்சியைக் கிளறிவிட்டார் என்பார்கள். கிளறியது மாநாடா, 1956 தொடக்கம் வந்த சட்டங்களா என்பதை வாசகரே நினைத்துப் பாருங்கள்.

அடிகளாரின் கடைசி ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்புப் பக்கத்தில், அமைதியாகக் கழிந்தன. உடல் தளர்ந்துவிட்டது. 1980இல், தந்தை செல்வா நினைவுப் பேருரையை ஆற்றும்படி அழைத்தபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள் தமிழாராய்ச்சி: அதுவரை நடந்தது என்ன, இனி நடக்க வேண்டியது என்ன என்பதே. அந்த ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். வயது அறுபத்தேழு.

நான்கு மாதம் கழித்து, 1981 சனவரியில், ஐந்தாவது மாநாடு மதுரையில் கூடியது. பிலியோசாவும் அடுத்த ஆண்டு மறைந்தார். சுவெலபில் 1968க்குப் பிறகு தாய்நாட்டை விட்டு வெளியேறி, பின் ஒல்லாந்து நாட்டில் தமிழ் கற்பித்தார். மாநாடுகள் மோரீசியசிலும் தஞ்சாவூரிலும் சிக்காகோவிலும் தொடர்ந்து நடந்திருக்கின்றன.

அடிகளாரின் நூல்களைத் தமிழில் படிக்க விரும்புவோர் தமிழ்த் தூது, ஒன்றே உலகம் என்ற இரண்டில் தொடங்கலாம். இரண்டாவது பயண நூல். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் நடை. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளையென்றால் பக்கத்தில் இருந்து ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். வடக்கன்குளத்தில் அவரும் அப்படித்தான் தொடங்கினார்.